எட்டுப் பேருக்கான இடம்

அது கண்டிப் பெரஹெர ஊர்வலத்தில் ரந்தோலிப் பல்லக்கு வரும் முதலாவது நாளா, இரண்டாவதா என்பதில் தெளிவில்லை. சாயங்காலம் தூறல் விழுந்தது என்று வேலாயி சொல்கிறாள். ஒரு சொட்டுக்கூட விழவில்லை, காற்றுத்தான் அடித்தது என்கிறான் அவளுடைய தம்பி ஜீவன். ஆனால் அவன் அன்று பல்லேகலயில் வேலையில் இருந்தவன். ஒரே நாளைப் பற்றி ஒரே வீட்டில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லும்போது யாருடைய ஞாபகத்தை நம்புவது? பெரும்பாலும் ஜீவனின் மனைவி யசோதினி சொன்னதை வைத்துத்தான் இங்கே சொல்லப்படுகிறது. அவளோ அன்று பகல் முழுக்கத் தலை குனிந்தே இருந்தவள். ஆகவே பிழை இருக்கலாம்.

யசோதினி கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறாள். மஹய்யாவயில் வீதியிலிருந்து இருபத்தியொரு படி இறங்கினால் அவர்கள் வீடு. இரண்டு அறை, ஒரு சின்ன ஹோல், குசினி. விடியற்காலை நாலு மணிக்கு எழும்பி, குசினி மேசையில் பாத்திரங்களை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு ஐந்தரை மணிவரை எழுதுவாள். அப்படி எழுதித்தான் ஒரு சிறுகதைத் தொகுதியும் ஒரு நாவலும் வந்திருந்தன. இரண்டாவது நாவல் ஒன்பது வருடமாக இழுபட்டுக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடம் நடக்கும் காலத்தில், விடுமுறை வரட்டும், எழுதி முடித்துவிடலாம் என்று நினைப்பாள். ஆகஸ்ட் வந்தால் பெரஹெரவுக்காகக் கண்டிப் பள்ளிக்கூடங்களை நேரத்தோடு மூடிவிடுவார்கள். அதே பெரஹெரவுக்காகச் சொந்தக்காரர்களும் வந்து இறங்குவார்கள். கண்டியில் வீடு இருக்கிறவர்களுக்கு ஆகஸ்ட்டில் சொந்தம் பெருகும். அந்த வருடம் தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஜீவனின் அக்கா வேலாயி, அவள் புருசன் முத்துலிங்கம், மகள் புஸ்பராணி, புஸ்பராணியின் மூன்று பிள்ளைகள் என்று ஆறு பேர் வந்திருந்தார்கள். யசோதினி, ஜீவன், அவர்களுடைய பதினான்கு வயது மகள் நிலூஷா ஆகியோரையும் சேர்த்தால் ஒன்பது. குசினியில் மேசைக்கு அடியில் இரண்டு பிள்ளைகள் படுத்தார்கள். விடியற்காலை நாலு மணிக்கு விளக்கைப் போட்டால் அந்தப் பிள்ளைகள் எழும்பி உட்கார்ந்து, விடிந்துவிட்டது என்று நினைத்து பிஸ்கட் கேட்டார்கள்.

நாவலில் ஒரேயொரு அத்தியாயம்தான் மிச்சம். முப்பது வருடம் ஒரு வீட்டில் இருந்த செல்லம் என்ற பெண் தகரப்பெட்டியோடு பஸ் நிற்கும் இடத்தில் வந்து நிற்கிறாள். அவளைப் பஸ்ஸில் ஏற்றுவதா, திருப்பி அனுப்புவதா என்று தெரியாமல் யசோதினி எட்டு மாதம் அவளை அங்கேயே நிற்கவைத்திருந்தாள். கொழும்பில் பதிப்பிக்கிறவர் இறுதியாகச் சொல்லிவிட்டார்: திங்கட்கிழமைக்குள் வந்தால் செப்டம்பர் புத்தகக் கண்காட்சிக்கு வரும், இல்லையென்றால் அடுத்த வருடமும் நிச்சயமில்லை. இதை அவள் வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை, நிலூஷாவைத் தவிர.

முத்துலிங்கம் வந்ததற்கும் ஒரு காரணம் இருந்தது. சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, அவருடைய இடது கண்ணை எடுத்துவிட்டது. வலது கண்ணிலும் ஓரங்கள் மட்டும் புகை மாதிரித் தெரிந்தன. அடுத்த மாதம் சத்திரசிகிச்சை செய்வோம், ஆனால் எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டோம் என்று கிளினிக்கில் டொக்டர் சொல்லியிருந்தார். முப்பத்தாறு வருடம் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மனுசர். கண்டிக்கு ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருந்துகொண்டு ஒரு தடவைகூடப் பெரஹெர பார்த்ததில்லை. ஒவ்வொரு ஆகஸ்ட்டிலும் அடுத்த வருசம் பாப்போம் என்பார். இந்த வருடம் கிளினிக்கிலிருந்து வெளியே வந்ததும் வேலாயியிடம், "கதிர்காம தேவாலயத்துக் காவடி வருமாமே, அத மட்டும் பாத்துக்கிறேன்," என்றாராம்.

அன்று காலை குசினியில் பேச்சு அதுதான்.

"இன்னைக்கு யாரு எடம் புடிக்கிறது?" வேலாயி ரொட்டி தட்டிக்கொண்டே கேட்டாள். "முந்தாநாளு ஜீவன் போயி புஸ்பாவுக்கும் புள்ளைங்களுக்குமா நாலு பேருக்குப் புடிச்சான். இன்னைக்கு அவனுக்கு ரெண்டு மணி சிப்ட்டு. இன்னைக்கு நாம எட்டுப் பேரு. இந்த மனுசன் முன்னுக்கு இருக்கணும். பின்னுக்கு இருந்தா அவருக்கு முதுகுதான் தெரியும்."

"நீ போம்மா," என்றாள் புஸ்பராணி.

"எனக்கு முட்டி மடங்காதுடி. குந்துனேன்னா அங்கேயே சமாதி கட்டி வச்சிருங்க."

"நான் போறேன் மதினி," என்றாள் யசோதினி.

கொஞ்சம் அவசரமாகச் சொல்லிவிட்டாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீயா? பத்து மணியில இருந்து அந்திவர வெயில்ல குந்தியிருக்கணும் புள்ள."

"பரவால்ல. லீவுதானே."

"பாத்துக்கடி புஸ்பா. டீச்சரம்மா, ஒரு மொணமொணப்பு இருக்கா? எந்தம்பி குடுத்து வச்சவன்."

கண்ணாடி முன்னால் முகம் மழித்துக்கொண்டிருந்த ஜீவன் கண்ணாடிக்குள் மனைவியைப் பார்த்தான். "என்னா யசோ, திடீர்னு பெரஹெர மேல இவ்வளவு பக்தி?" என்றான். அவள் தண்ணீர்ப் போத்தலை நிரப்பினாள்.

நிலூஷா பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "பச்சக் கொப்பிய பைக்குள்ள அடியில வச்சிட்டேன் அம்மா. பேனா மூணு. ஒண்ணு எழுதாம போனாலும்னு."

"வாய மூடு."

"நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அதுக்குப் பதிலா ஒரு பூன வளக்கலாமா?" பூனை என்றதும் குரல் உயர்ந்துவிட்டது.

"எழுதுறப்ப கேளு," என்று புஸ்பராணியின் மூத்த பிள்ளை உள்ளே இருந்து கத்தியது. "அப்ப அத்தை எல்லாத்துக்கும் ம்னுதான் சொல்லுவாங்க."

அது உண்மை. எழுதும்போது யசோதினியிடம் எதைக் கேட்டாலும் ம் என்பாள், தலையையும் ஆட்டுவாள். அப்புறம் அது அவளுக்கு ஞாபகம் இருக்காது.

டி.எஸ். சேனநாயக்க வீதியில் பஹீமின் துணிக்கடை வாசலுக்கு எதிரே நடைபாதையில் நீல பொலித்தீன் விரிப்பை விரித்தாள். நான்கு மூலைக்கும் நான்கு போத்தல் வைத்தாள். காலை பத்து மணிக்கே இரண்டு பக்கமும் பாய்களும் விரிப்புகளும் போட்டாயிற்று. இடம் பிடிப்பதற்கு எழுதாத சட்டங்கள் உண்டு. காலை நீட்டி அகலமாக உட்கார வேண்டும். பையை ஒரு மூலையில், குடையை இன்னொரு மூலையில் வைக்க வேண்டும். யாராவது நின்று பார்த்தால் முந்திக்கொண்டு, ஆட்கள் வருகிறார்கள் என்று சிங்களத்தில் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணைக் கீழே போடக்கூடாது.

யசோதினி பதினைந்து நிமிடம் அப்படியெல்லாம் இருந்தாள். பிறகு முழங்காலை மடக்கி, கொப்பியை அதன்மேல் வைத்தாள்.

எட்டு மாதமாகக் கேட்காத சத்தம் ஒன்று அவளுக்குக் கேட்டது. சுற்றிலும் ஊதுகுழல், அச்சாறு விற்பவன், பொலிஸ் ஒலிபெருக்கி, யானைகளைக் கூட்டிப்போகும் சங்கிலி. ஆனால் இதில் ஒன்றுகூட அம்மா என்றோ யசோ என்றோ அத்தை என்றோ கூப்பிடவில்லை. அந்த இரைச்சலுக்கு நடுவே, கிணற்றடியில் உட்கார்ந்திருப்பது போல அமைதியாக இருந்தது. செல்லம் பஸ் நிற்கும் இடத்தில் பெட்டியைக் கீழே வைத்த சத்தம்தான் அவளுக்குக் கேட்டது. யசோதினி எழுதத் தொடங்கினாள்.

பன்னிரண்டு மணிக்குப் பஹீம் பிளேன்டீ கொண்டுவந்தார். மடவளைக்காரர். அறுபது வயதுக்கு மேல் இருக்கும்.

"டீச்சர், ஆளொண்டும் வரல்லயா இன்னும்?"

"அஞ்சு மணிக்கு வாறாங்க."

"எத்தின பேரு?"

"எட்டு."

அவர் விரிப்பைப் பார்த்தார். மூலைப் போத்தல் ஒன்று உள்ளே நகர்ந்திருந்தது. "நீங்க இப்பிடி எழுதிக்கொண்டீந்தா எட்டு நாலாகும். நான் நாப்பது வருசமா இந்த வாசல்ல பாக்கிறன். எழும்பித் தொழுதிட்டு வாறதுக்குள்ள மனிசன்ட செருப்பையே தள்ளி வெச்சிட்டு குந்திருவாங்க."

"ம்," என்றாள் யசோதினி.

"தேத்தண்ணி ஆறுது."

"ம்."

பஹீம் சிரித்துக்கொண்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு நடந்ததை அவளால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. யாரோ ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து, "நங்கி, பொட்டக் எஹாட்ட வெனவாத?" என்று ஒதுங்கச் சொல்லிக் கேட்டது ஞாபகம் இருக்கிறது. ஒதுங்கினாள். பிறகு ஒரு வயதானவர் கேட்டார். குருநாகலிலிருந்து வந்த ஒரு குடும்பம் கேட்டது. ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டினாள், ஒரு சாண் நகர்ந்தாள், தாளைத் திருப்பினாள். வெயில் கடையின் தகரக் கூரைக்குப் பின்னால் இறங்கியது. சோற்றுப் பார்சலைத் தொடவில்லை. பஸ் வந்தது. செல்லம் ஏறினாள். கடைசி வசனத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தபோது நேரம் நாலே முக்கால்.

தலையை நிமிர்த்தினாள். அவளைச் சுற்றி முழங்கால்கள். நீல விரிப்பில் அவள் உட்கார்ந்திருந்த அளவுக்கும், அதற்கு மேல் இன்னொரு அரை ஆள் அளவுக்கும் நீலம் தெரிந்தது. மிச்ச நீலத்தின்மேல் குருநாகல் குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"இது எங்கள் இடம்," என்று சிங்களத்தில் சொல்லிப் பார்த்தாள்.

கைக்குழந்தைக்காரி பாவமாகப் பார்த்தாள். "நங்கி ஹா கிவ்வானே," என்றாள். தங்கச்சி சரியென்றுதானே சொன்னாய். அதில் பொய் ஒன்றுமில்லை.

ஐந்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். பொலிஸ் சோதனையில் பைகளைத் திறந்து காட்டி, பிள்ளைகளை எண்ணி எண்ணி, முத்துலிங்கத்தை நடுவில் விட்டு இரண்டு பக்கமும் கையைப் பிடித்துக்கொண்டு. வேலாயி தலையில் சோற்றுப் பாத்திரம் கட்டிய துணிப்பொதி. முத்துலிங்கம் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் நெற்றி நிறையத் திருநீறுமாக இருந்தார்.

"எங்க நம்ம எடம்?" என்று கேட்டாள் வேலாயி.

யசோதினி எழும்பி நின்றாள். எழும்பியதும் அவள் இருந்த இடமும் பாதியாகிவிட்டது.

நிலூஷா விரிப்பைப் பார்த்தாள், கொப்பியைப் பார்த்தாள். "அம்மா, முடிஞ்சிதா?" என்றாள்.

"முடிஞ்சிது."

சொல்லும்போது அவள் முகம் தன்னையறியாமல் மலர்ந்துவிட்டது. அதை வேலாயி பார்த்துவிட்டாள்.

"என்னா முடிஞ்சிது?"

"கதைதான், அத்தை. அம்மா ஒம்பது வருசமா எழுதுற நாவல். திங்கக்கெழம குடுக்கணும்."

வேலாயி பொதியைத் தலையிலிருந்து இறக்கவில்லை. புஸ்பராணியின் சின்னப் பிள்ளை, "நாம எங்க குந்துறது?" என்று கேட்டது.

"அப்ப நீ எடம் புடிக்க வரல்ல," என்றாள் வேலாயி.

"ரெண்டுக்கும்தான் வந்தேன் மதினி."

"வீட்டுல எழுத முடியல்ல. நாங்க வந்து அடைச்சிக்கிட்டோம். அதானே?"

"அப்பிடியில்ல."

"அப்பிடித்தான். அதுல என்னா தப்பு? ஆறு பேரு வந்து குசினி வரைக்கும் படுத்தா எவளுக்குத்தான் எழுத வரும்? ஆனா ஒரு வார்த்த சொன்னியா? மதினி, எனக்கு திங்கக்கெழமக்குள்ள ஒரு வேல இருக்கு, இந்தப் புள்ளைங்கள இழுத்துக்கிட்டு வெளிய போங்கன்னு சொல்லியிருந்தா, நான் வந்து குந்தியிருப்பேன் இங்க. முட்டி மடங்காட்டி கால நீட்டிக்கிட்டுக் குந்தியிருப்பேன். எவ வந்து ஒதுங்கச் சொல்றான்னு பாத்திருப்பேன். ஒனக்கு வீடு கெடச்சிருக்கும், இந்த மனுசனுக்கு எடம் கெடச்சிருக்கும்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். உயர்த்தியிருந்தால் யசோதினிக்கு இலேசாக இருந்திருக்கும். கலியாணமாகிப் பதினாறு வருடம். எழுதுவதைப் பற்றி இவர்களிடம் ஒரு நாளும் பேசியதில்லை. தொந்தரவு கொடுக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இவர்களுக்கு எங்கே விளங்கப்போகிறது என்பதும் அந்த நினைப்புக்குள் இருந்திருக்கிறது என்று அப்போது அவளுக்குத் தோன்றியது. அதை வெளியே சொல்ல முடியாது.

"விடு வேலாயி," என்றார் முத்துலிங்கம். குரல் வந்த பக்கமாக முகத்தைத் திருப்பினார். "ஒராளு குந்த எடமிருக்கா தங்கச்சி?"

"இருக்குண்ணே. ஒடுங்கினா ரெண்டு பேரு."

"அது போதுமே."

பஹீம் கடையைப் பூட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் இரண்டைக் கடைப் படியில் ஏற்றலாமா என்று நிலூஷா கேட்டாள். அந்தப் படியிலும் முன்பே ஆட்கள் நெருக்கியடித்து நின்றார்கள். அவர் பூட்டிய கையோடு, "நான் சொன்னன்தானே டீச்சர்," என்று மெதுவாகச் சொன்னார். சொல்லியிருக்க வேண்டாம் என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

வேலாயி முடிவெடுத்தாள். "நீயும் அண்ணனும் இருங்க. நான் இந்தப் பட்டாளத்தக் கூட்டிக்கிட்டுப் போயி டீவியில பாக்குறேன். அதுல இன்னும் கிட்டத் தெரியுமாம்."

"நீங்க இருங்க மதினி, நான் போறேன்."

"இந்த இடுக்குல என் கால எங்க வைக்கிறது? நீயே இரு. அந்தக் கொப்பியக் குடு."

"மதினி..."

"குடு புள்ள. அது கையில இருந்தா நீ இவர விட்டுட்டு அதத்தான் பாப்ப."

வேறு பிரதி இல்லை. தாளில் இருந்தது மட்டும்தான். யசோதினி கொடுத்தாள். வேலாயி அதைச் சோற்றுப் பாத்திரத்துக்கும் துவாய்க்கும் நடுவில் செருகிக்கொண்டு, பிள்ளைகளை முன்னால் விட்டு, வந்த வழியே திரும்பி நடந்தாள். ஒரு காலை இழுத்து இழுத்து அவள் போவதை யசோதினி கூட்டம் மறைக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருட்டியது. சவுக்கு அடிப்பவர்கள் வந்தார்கள், தீப்பந்தங்கள் வந்தன. கொப்பரை எரியும் மணமும் எண்ணெய்ப் புகையும் முகத்தில் அடித்தன. யசோதினி முத்துலிங்கத்தின் காதருகே குனிந்து, "அண்ணே, இப்ப முன்னுக்கு வாறது..." என்று தொடங்கினாள்.

"பேசாம இரு தங்கச்சி. தெரியிறவரைக்கும் நானே பாத்துக்கிறேன்."

மேளங்கள் போயின, யானைகள் போயின, ஆடுகிறவர்களின் கால் சலங்கைகள் போயின. முத்துலிங்கம் தலையை ஒரு பக்கம் சாய்த்து, மிஞ்சியிருந்த கண்ணின் ஓரத்தால் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் வரும் தலதா மாளிகைப் பெரஹெர முடிந்து, நாத தேவாலயத்துப் பெரஹெரவுக்கு முன்னால் ஒரு இடைவெளி வந்தது.

"யாராச்சும் செத்தாங்களா கதையில?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. ஒருத்தி பஸ்ல ஏறிப் போறா."

"நல்லது."

கொஞ்ச நேரம் கழித்து, "கவ்வாத்துக் கத்தியப் புடிச்சா எனக்கும் காது கேக்காது," என்றார். "குனிஞ்சா குனிஞ்சதுதான். ஒருக்கா நிர நிரயா வெட்டிக்கிட்டே போயி, அடுத்த டிவிசன் மலையில பாதிய வெட்டிப்புட்டேன். கங்காணி பின்னால கத்திக்கிட்டு ஓடி வந்தாராம். எனக்குத் தெரியாது." சிரித்தார். "அந்த மல அந்த வருசம் நல்லாத் துளுத்துச்சி. ஆனா எனக்கு மூணு நாளு வேல இல்லன்னுட்டாங்க."

விஷ்ணு தேவாலயமும் போன பிறகு, கதிர்காம தேவாலயத்துக்கு மேளம் மாறியது. அந்த மாற்றத்தைச் சனங்களுக்கு முன்பே அவர் கேட்டுவிட்டார். அவள் தோளில் கையை ஊன்றி முழங்காலில் எழும்பினார். பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொல்லிக் கத்தினார்கள். அவர் உட்காரவில்லை. மயிற்பீலி வைத்த காவடிகள் எதிர்ப்பக்கத்து ஓரமாகச் சுழன்று சுழன்று வந்தன. இந்தப் பக்கம் ஒரு யானையும் அதன் துணி விரிப்பும் பாதியை மறைத்தன. முத்துலிங்கம் இரண்டு கையையும் கூப்பினார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. புகையாகவும் இருக்கலாம். அவர் முகம் காவடிகள் ஆடிய இடத்துக்குக் கொஞ்சம் இடப்பக்கமாக, பந்தம் பிடித்தவனை நோக்கித் திரும்பியிருந்ததை யசோதினி கவனித்தாள். சொல்லவேண்டுமா என்று யோசித்தாள். கையை நீட்டி அவர் முகத்தைத் திருப்பிவிடலாமா என்றும் யோசித்தாள். பின்னால் இருந்து ஒருவன் அவர் சட்டையைப் பிடித்து இழுக்க வந்தபோது அந்தக் கையை மட்டும் தட்டிவிட்டாள்.

மறுநாள் காலை அவள் எழும்பியபோது வீட்டில் சத்தமில்லை. வேலாயி பிள்ளைகளுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். குசினி மேசை துடைத்திருந்தது. அதன்மேல் பச்சைக் கொப்பி.

"பேராதனப் பூந்தோட்டத்துக்குப் போறோம். அந்திக்குத்தான் வருவோம். சோறு ஆக்கி வச்சிருக்கேன்."

"மதினி..."

"நெலூசா வாசிச்சா நேத்து. டீவி பாட்டுக்கு ஓடுனிச்சி, நாங்க இதத்தான் கேட்டோம்." செருப்பு வாரை இழுத்து மாட்டினாள். "அந்தப் பொம்பள பஸ்ல ஏறிட்டா. சரி. ஆனா அந்தத் தகரப்பெட்டி? முப்பது வருசத்துச் சாமான் இருக்கும் அதுல. அத யாரு தூக்கி வச்சா? நீ எழுதல்ல. அவ ஏறிப்புட்டா, பெட்டி ரோட்டுலயே இருக்கு."

முத்துலிங்கம் வாசலில் சூரியனைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். புஸ்பராணி அவரைக் கைபிடித்து எழுப்பினாள். இருபத்தியொரு படியிலும் அவர்கள் ஏறுகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. யசோதினி மேசையில் உட்கார்ந்தாள். பெட்டியைத் தூக்கிவைக்க ஒரு ஆளை யோசிக்க மத்தியானம் ஆகிவிட்டது. கடைசியில் செல்லமே இறங்கி வந்து தூக்கினாள்.

நாவல் திங்கட்கிழமை போகவில்லை, செவ்வாய்க்கிழமை போயிற்று. கண்காட்சியின் மூன்றாம் நாள் வந்து சேர்ந்தது. அதைப் பற்றி இரண்டு பத்திரிகைகளில் எழுதினார்கள். ஜீவன் முதல் முறையாக மனைவியின் புத்தகம் ஒன்றை முழுதாக வாசித்தான். நன்றாக இருக்கிறது, ஆனால் நீளம் என்றான். பஹீம் அடுத்த பெரஹெரவுக்கு முன்னால் கடையை மகனிடம் கொடுத்துவிட்டு மடவளையில் இருக்கிறார். நிலூஷா உயர்தர வகுப்புக்குக் கணிதம் எடுத்திருக்கிறாள். புஸ்பராணி பிள்ளைகளோடு கம்பளைக்குக் குடிபோய்விட்டாள். விடுமுறைக்கு வேலாயி இப்போதும் வருகிறாள், வந்ததும் யசோதினியிடம் எழுத எத்தனை நாள் வேண்டும் என்று கேட்கிறாள், யசோதினி சொல்கிறாள். முத்துலிங்கத்துக்குச் செப்டம்பரில் சத்திரசிகிச்சை நடந்தது. பலனில்லை. மார்கழிக்குள் வலது கண்ணும் போயிற்று. கண்டியில் காவடி பார்த்தேன் என்று தோட்டத்தில் எல்லோரிடமும் சொல்கிறார். பார்த்தார் என்றே யசோதினியும் சொல்கிறாள்.